கிரிப் அறிக்கைக்கு புரோக்கர் தேவையில்லை

ஹட்டனில் ஒருவருக்குப் பணம் கொடுத்தால்தான் நம் கடன் விவரம் உள்ள கிரிப் அறிக்கை கிடைக்கும், கிரிப்பில் இருந்து நம் பெயரையும் அவரே எடுத்துவிடுவார் என்று ஒரு தம்பி கருத்து எழுதியிருக்கிறார். அது சரியல்ல, தம்பி.

கிரிப் என்பது இலங்கை கொடுகடன் தகவல் பணியகம்; யார் எங்கே கடன் எடுத்தார், எப்படிக் கட்டினார் என்ற விவரம் அங்கே இருக்கும். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கலாம். பணியகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், அல்லது கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் அடையாள அட்டையோடு போய்க் கேட்கலாம். கட்டணம் கேட்டால் அதைப் பணியகத்தின் தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் ஆள் வேண்டாம்.

பெயரை "எடுப்பது" என்று ஒன்று கிடையாது. உங்கள் கடன் தகவலைப் பணியகத்துக்குக் கொடுத்தது கடன் தந்த வங்கியோ லீசிங் கம்பனியோதான். பிழை இருந்தால் திருத்த வேண்டியதும் அவர்களே. கட்டி முடித்த ரசீதைக் காட்டி எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பிணையாளர் பகுதியைப் பாருங்கள். தோட்டத்தில் உங்களோடு வேலை செய்கிறவருக்குப் பிணையாகக் கையெழுத்துப் போட்டு மறந்த கடன் அங்கேதான் நிற்கும்; அவர் தவணை கட்டாவிட்டால் உங்களுக்கும் பாதிப்பு. பிறகு அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபாருங்கள்: பழையதில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். தயவுசெய்து அட்டையின் படத்தை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.