பிள்ளை பெற்றவளின் தலைவலி

அக்டோபர் 29 உலகப் பக்கவாத தினம். அன்றைக்கு ஒட்டுகிற போஸ்டர்களில் எல்லாம் வாய் கோணிய நரைத்த தலை ஆண் ஒருவர்தான் இருப்பார். எனக்கு அந்தப் போஸ்டர் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. அதைப் பார்க்கிற முப்பது வயதுப் பெண் ‘இது நம்ம மாமனாருக்கு’ என்று நினைத்துக்கொண்டு போய்விடுவாள்.

2022-இல் ‘ஸ்ட்ரோக்’ என்ற மருத்துவ இதழில், பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. 18 முதல் 35 வயதுக்குள், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு 44 சதவீதம் அதிகம். 35-க்கு மேல் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. நடுத்தர வயதில் ஆண்கள் முந்திக்கொள்கிறார்கள். 18 முதல் 35 வயதில் பக்கவாதமே அரிதுதான், யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் வருகிறவர்களுக்கு ஏன் வருகிறது என்பதில் நம் வீடுகளுக்கும் பங்கு இருக்கிறது.

பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடக் கூடாது என்று உடம்பே ரத்தத்தை உறையும் பக்கமாகத் தள்ளி வைக்கிறது. பிள்ளை பிறந்த பிறகும் 6 வாரம் அது பலமாக இருக்கும், 12 வாரம் வரை கொஞ்சம் நீடிக்கும். அந்தச் சமயத்தில்தான் நாம் ‘பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்’ என்று தண்ணீரை அளந்து கொடுக்கிறோம். வெயில் காலத்துக் கடலூரில், பால் வேறு கொடுக்கிறவளுக்கு! உடம்பில் நீர் வற்றினால் மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரைகளில் கட்டி உறையும் அபாயம் கூடும். அதுவும் ஒரு வகைப் பக்கவாதம்தான். பத்தியச் சோறு, பிள்ளை பெத்த மருந்து எல்லாம் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடையில் இருக்கிறேன். “மருமகளுக்குத் தலைவலி, ஒரு மாத்திரை கொடும்மா” என்று வருவார்கள். “பிள்ளை பிறந்து எத்தனை நாள் ஆச்சு பெரியம்மா?” என்று கேட்டால், “அதுக்கும் தலைவலிக்கும் என்னம்மா?” என்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. நாளுக்கு நாள் கூடுகிற, படுத்தால் அதிகமாகிற தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்வு: இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ‘ஜன்னி கண்டிருச்சு’, ‘காத்து பட்டிருக்கு’ என்று மந்திரிக்கக் கூட்டிப்போவதும் புறா ரத்தம் தடவுவதும் நேரத்தைத் தின்றுவிடும். சிரை அடைப்புக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறார்கள், சீக்கிரம் போனால் பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

இன்னொன்று, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. தேவனாம்பட்டினம் மாசி மகம், ஆடி மாசம், கல்யாணம் வந்தால் போதும், டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டு வருவார்கள். அதில் இருக்கும் நோரெத்திஸ்டிரோன் என்ற மருந்து உடம்புக்குள் போய் ஒரு பகுதி, ரத்தம் உறைவதைக் கூட்டக்கூடிய ஈஸ்ட்ரோஜனாக மாறும். அதைச் சாப்பிட்டவர்களுக்கு மூளைச் சிரையில் அடைப்பு வந்ததை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லோருக்கும் வராது. ஆனால் முன்பே ரத்தக்கட்டி வந்தவர்கள், சமீபத்தில் பிள்ளை பெற்றவர்கள், கண்முன் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. சீட்டு கேட்டால் என்னிடம் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். (சாமிக்கு இதில் ஆட்சேபணை இருக்குமா என்பது தனிப் பஞ்சாயத்து.)

ஆண்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலத்தைத் தாண்டிப் புதுச்சேரி எல்லையில் கன்னியக்கோயில் பக்கம் போய்க் குடித்துவிட்டு வருகிறவர்கள், சிகரெட் விடாதவர்கள், நாற்பது வயதுவரை ஒரு தடவைகூட பிரஷர் பார்க்காதவர்கள். காரணம் அவர்களுக்கே தெரியும்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்கே போனாலும் பெண் சொல்வது எடுபடுகிறதா? அமெரிக்காவில் 2014-இல் வந்த ஆய்வு ஒன்று, அவசரப் பிரிவில் பக்கவாதம் கண்டுபிடிக்கப்படாமல் போகும் வாய்ப்பு பெண்களுக்கு 33 சதவீதம் அதிகம், ஆணோ பெண்ணோ, 45 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஏறக்குறைய 7 மடங்கு என்றது. இங்கே ‘டென்ஷன்மா, தூங்குங்க’ என்பது எனக்குப் புதிதில்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பாக இருந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி எட்டாத தூரமில்லை, 108-ஐக் கூப்பிடத் தயங்குவதில்தான் நேரம் போகிறது.

பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது பிள்ளையின் தடுப்பூசித் தேதிகளை எழுதிக் கொடுக்கிறார்கள். அதே தாளில் தாய்க்கும் இரண்டு வரி எழுதலாம்: தண்ணீர் நிறையக் குடி, தலைவலி விடாமல் இருந்தால் திரும்பி வா. கூட வந்திருக்கும் மாமியாரிடமும் அம்மாவிடமும் அதைப் படித்துக் காட்டிவிட்டு அனுப்பட்டும்.