லூசியானாவைக் கொசு வாங்கித் தரவில்லை

ஞாயிற்றுக்கிழமை நடந்த அமெரிக்க வரலாறு பற்றிய நேரலையில் என்ன நடந்தது என்று இங்கே பலருக்குத் தெரியும். விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் கேள்வியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "வந்துட்டார் ஹைத்தி வக்கீல்" என்று குரூப் குரூப்பாகச் சுற்றவிட்ட பிறகு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை.

"ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் நாட்டை இரண்டு மடங்காக்கிய ராஜதந்திரி ஜெபர்சன்." அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனைப் பற்றிய அன்றைய பேச்சின் சாரம் இதுதான். 1803-இல் லூசியானா என்ற பெரும் நிலப்பரப்பை பிரான்ஸிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கியது, எல்லாம் சரி. நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஹைத்தியைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லையே, ஏன்? அதற்குப் பேச்சாளர், "சார், அங்க நெப்போலியன் படையை முடிச்சது கொசு. மஞ்சள் காய்ச்சல். அவ்வளவுதான்" என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

தோட்டா செலவாகத்தான் செய்தது. ஹைத்தியில் செலவானது. அந்த விலையைக் கொடுத்தவர்கள் கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக இருந்து எழுந்த மனிதர்கள். அவர்கள் பெயரைச் சொல்லாமல் லூசியானா கதையைச் சொல்ல முடியாது. இன்று நான் சொல்ல வந்தது இது மட்டும்தான், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கரீபியன் கடலில் இருக்கும் ஹைத்தி அப்போது சான் டொமாங் என்ற பிரெஞ்சுக் காலனி. ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள். அவர்களில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் பிறந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். இருந்தவர்கள் செத்துக்கொண்டே இருந்ததால் புதிதாக இறக்கிக்கொண்டே இருந்தார்கள். ஐரோப்பா குடித்த காபியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போனது. 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் தோட்டங்கள் பற்றி எரிந்தன. 1794-இல் பாரிஸே அடிமை முறையை ஒழிப்பதாக அறிவிக்க வேண்டிய நிலைக்கு வந்தது. டூசான் லூவெர்த்யூர், ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர், அந்தத் தீவின் தலைவரானார்.

நெப்போலியன் போட்ட கணக்கு எளிமையானது. 1800-இல் ஸ்பெயினிடமிருந்து லூசியானாவை ரகசிய ஒப்பந்தத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார். சான் டொமாங்கில் சர்க்கரை, அதற்குத் தேவையான தானியமும் மரமும் லூசியானாவிலிருந்து. சர்க்கரைத் தீவு கையை விட்டுப் போனால் லூசியானாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால்தான் தன் தங்கை கணவர் லெக்ளேரின் தலைமையில் பெரும் படையை அனுப்பினார். முதல் அலையிலேயே ஏறத்தாழ 20,000 பேர், 1802 தொடக்கத்தில் வந்து இறங்கினார்கள்.

இப்போது கொசுவுக்கு வருகிறேன். காய்ச்சலில் பிரெஞ்சுப் படை ஆயிரக்கணக்கில் செத்தது உண்மை. லெக்ளேரே அந்த ஆண்டு நவம்பரில் அதில்தான் செத்தார். நான் எங்கே மறுத்தேன்? ஆனால் 1802 பிப்ரவரியில் டூசான் தன் தளபதி தெசாலினுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. மழைக்காலம் வந்து எதிரியை ஒழிக்கும், அதுவரை நெருப்பும் அழிவும்தான் நமக்கு ஆயுதம் என்பது அதன் சாரம். பருவம் எப்போது மாறும், வெள்ளைக்கார சிப்பாய் எப்போது படுக்கையில் விழுவான் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அதுவரை மலைக்குள் இழுத்தடித்துப் போரிட்டவர்கள் அவர்கள். ரஷ்யப் பனியை வைத்து நெப்போலியனைத் தோற்கடித்தவர்களை மாவீரர் என்கிறோம். ஹைத்தியர்கள் தங்கள் மழைக்காலத்தை வைத்துத் தோற்கடித்தால் மட்டும் கொசுவா?

அந்த மார்ச் மாதத்தில் கிரேத்த-அ-பியெரோ என்ற சின்னக் கோட்டையில் ஆயிரத்துச் சொச்சம் பேர் தங்களைவிடப் பல மடங்கு பெரிய பிரெஞ்சுப் படையை வாரக்கணக்கில் தடுத்து நிறுத்தினார்கள். தண்ணீர் தீர்ந்துபோனது. கடைசியில் இரவோடு இரவாக முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். காய்ச்சல் படையை அரிக்கத் தொடங்குவதற்கு முன்பு நடந்தது இது. ஜூனில் டூசானைப் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துக் கைதுசெய்தார்கள். பிரான்ஸின் ஜூரா மலையில், ஜோ கோட்டைச் சிறையின் குளிரில், 1803 ஏப்ரல் 7 அன்று அவர் செத்துப்போனார். அவர் செத்து நான்கே நாளில், ஏப்ரல் 11 அன்று, பாரிஸில் அமைச்சர் தாலிரான் அமெரிக்கத் தூதர் லிவிங்ஸ்டனிடம் கேட்கிறார்: லூசியானா முழுவதற்கும் என்ன தருவீர்கள்?

கவனியுங்கள். அமெரிக்கர்கள் கேட்டுக்கொண்டிருந்தது நியூ ஆர்லியன்ஸையும் ஃப்ளோரிடாவையும்தான். ஜெபர்சன் அனுப்பிய சிறப்புத் தூதர் மன்றோ அப்போது பாரிஸுக்கே வந்து சேரவில்லை. "முழுவதையும் எடுத்துக்கொள்" என்று சொன்னது பிரான்ஸ். இதில் ராஜதந்திர உச்சம் எங்கே வருகிறது? கதவைத் தட்டுவதற்கு முன்பே வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தால், தட்டப் போனவனையா மெச்சுவோம்?

நான் சொன்னால் "ஹைத்தி வக்கீல்". சரி, அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் யாருடைய வக்கீல்? அதே 1803 ஜூலையில் நியூயார்க் பத்திரிகையில் வந்த, அவர் எழுதியதாகக் கருதப்படும் தலையங்கம், இந்தக் கொள்முதலுக்குக் காரணமாகச் சொன்னது சான் டொமாங்கின் கொடிய பருவநிலையையும் அங்கிருந்த கறுப்பின மக்களின் வீரத்தையும் விடாப்பிடியான எதிர்ப்பையும்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னது. 220 வருஷத்துக்கு முன்னால் அங்கே அச்சில் வந்ததை இன்று தமிழில் சொன்னால் ஏன் சிரிப்பு வருகிறது?

"இங்கிலாந்துடன் போர் வரப்போகிறது, நெப்போலியனுக்குப் பணம் தேவைப்பட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், அதுவும் காரணம். லூசியானாவுக்குப் போக வேண்டிய படை அந்தக் குளிர்காலத்தில் டச்சுத் துறைமுகத்தில் பனியில் மாட்டிக்கொண்டது, அதுவும் காரணம். எல்லாக் காரணங்களையும் சொல்லுங்கள் சார். ஹைத்தியை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லாதீர்கள்.

உங்கள் ராஜதந்திரி ஜெபர்சன் என்ன செய்தார் தெரியுமா? அவருக்கு முன்பிருந்த ஜான் ஆடம்ஸ் டூசானின் தூதரைச் சந்தித்தார், எட்வர்ட் ஸ்டீவன்ஸைத் தலைமைத் தூதராக அனுப்பினார், வணிகத்தைத் திறந்துவிட்டார். 1800-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜாக்மெல் துறைமுகத்தில் டூசானுக்கு ஆதரவாகக் குண்டு போட்டது. ஜெபர்சன் 1801-இல் வந்தார், ஸ்டீவன்ஸ் போனார். புதிதாக வந்த டோபியாஸ் லியர் ஜனாதிபதியிடமிருந்து டூசானுக்கு ஒரு கடிதம்கூடக் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்தவரைப் பார்த்து, என் நிறத்தால்தானே இந்த அலட்சியம் என்று டூசான் வருத்தப்பட்டதை லியரே எழுதியிருக்கிறார். அந்த 1801 ஜூலையில் பிரெஞ்சுத் தூதர் பிஷோனிடம் ஜெபர்சன், உங்கள் படைக்கு வேண்டியதைக் கொடுத்து டூசானைப் பட்டினி போடுவது எளிது என்று சொன்னதாக பிஷோனின் அறிக்கையில் இருக்கிறது. லூசியானா பிரான்ஸ் கைக்கு வருவது உறுதியான பிறகுதான் பின்வாங்கினார். யாரைப் பட்டினி போடலாம் என்றாரோ, அவர்கள் சிந்திய ரத்தத்தில்தான் அவருக்குப் பாதி நாடு கிடைத்தது.

"1804-இல் தெசாலின் வெள்ளையர்களைக் கொன்று குவித்தாரே, அதைச் சொல்ல மாட்டீர்களா?" சொல்கிறேன். கொன்றார், பெண்கள் குழந்தைகள் உட்பட. அது கொடுமைதான். ஆனால் அதற்கு முன், லெக்ளேருக்குப் பின் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை ஏற்ற ரொஷாம்போ கியூபாவிலிருந்து நாய்களை இறக்கி மனிதர்களைக் கடிக்கவிட்டதையும், கைதிகளைக் கடலில் மூழ்கடித்ததையும் பற்றி இதே நபர் எப்போதாவது கேட்டிருக்கிறாரா? நூறு வருஷத்துக்கு மேல் நடந்த கொலைக்குக் கேள்வி இல்லை, இதற்கு மட்டும் கேள்வி.

என் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஒரு ஹைத்திப் பெண்மணி இருக்கிறார், வயதில் என்னைவிட மூத்தவர். ஒவ்வொரு புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகும் ஃபிளாஸ்க்கில் பூசணி சூப் கொண்டுவருவார். ஜனவரி 1 அவர்களுக்கு வெறும் புத்தாண்டு இல்லை, 1804-இல் விடுதலை அறிவித்த நாள். அடிமைகளாக இருந்த காலத்தில் எஜமானர்களுக்குச் சமைத்து மட்டுமே பார்த்த சூப், அன்றிலிருந்து எல்லார் வீட்டிலும். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் நம்ம ஆள் ஒருத்தர், தமிழர்தான், "உங்க நாடு மட்டும் ஏன் எப்பவும் இப்படியே இருக்கு?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "என் அப்பா பிறந்தபோதுகூட எங்கள் விடுதலைக்கான கடனைக் கட்டிக்கொண்டிருந்தோம்." யாரும் அதற்குமேல் பேசவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் மிகைப்படுத்தவில்லை. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, தோட்ட முதலாளிகளின் நஷ்டத்துக்கு 15 கோடி பிராங்க் கேட்டது. அந்த நஷ்டக் கணக்கில் மனிதர்களும் சேர்த்தி, அவர்களே தங்களுக்கு விலை கொடுக்க வேண்டும். பின்னால் 9 கோடியாகக் குறைத்தார்கள். அதை அடைக்க வாங்கிய கடன்களும் சேர்ந்து முழுதாகத் தீர்ந்தது 1947-இல். அமெரிக்கா? 1806-இல் வணிகத்தடை. 1826-இல் செனட்டர் ஹெயின், ஹைத்தியின் சுதந்திரத்தை ஒருபோதும் ஏற்க முடியாது என்று சபையிலேயே பேசினார். அடிமை முறையைக் கைவிடாத தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய் அவர்களுடைய உறுப்பினர்கள் சபையில் இல்லாத 1862-இல்தான் லிங்கன் அரசால் அங்கீகாரம் கொடுக்க முடிந்தது.

கடைசியாக ஒன்று. "அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவின் உப்பைத் தின்றுகொண்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் மிகவும் வலித்தது. இந்த நாட்டின் விடுதலைக்குப் போராடிய வெளிநாட்டவர் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 1779-இல் அமெரிக்கத் தென்பகுதி நகரமான சவானாவைப் பிரிட்டிஷாரிடமிருந்து மீட்க நடந்த முற்றுகையில் சான் டொமாங்கிலிருந்து 500-க்கும் மேற்பட்ட கறுப்பின, கலப்பினச் சுதந்திர வீரர்கள் வந்து நின்றார்கள். சவானா பிராங்க்ளின் சதுக்கத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது, 2007-இல்தான் திறந்தார்கள். குடும்பத்தோடு போயிருந்தபோது பார்த்தேன். துப்பாக்கி ஏந்திய வீரர்களுக்கு நடுவே முரசு கட்டிய ஒரு சிறுவன். அவன் ஆன்ரி கிறிஸ்டோப் என்று ஹைத்தியர்கள் சொல்கிறார்கள். 1802-இல் லெக்ளேரின் கப்பல்கள் வந்தபோது நகரை ஒப்படைக்க மறுத்து, தன் வீட்டிலிருந்தே தீயை ஆரம்பித்தவர். பிறகு வடக்கு ஹைத்தியின் மன்னர். 1820-இல் அவர் சாகும்வரை அமெரிக்கா அவருடைய நாட்டை ஒரு நாடென்று ஏற்கவில்லை. அதற்குப் பிறகும் 42 வருஷம் ஏற்கவில்லை.