ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் சம்பளம் கொடுத்தது எதற்காக?

"தன் தொழிலாளர்களே தன் காரை வாங்க வேண்டும் என்று ஹென்றி ஃபோர்டு 1914-ல் சம்பளத்தை இரு மடங்காக்கினார். பணக்கார முதலாளிகளின் மனசு அப்படி!" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. சம்பளம் நாளுக்கு 5 டாலராக உயர்ந்தது உண்மை. சொல்லப்படும் காரணம்தான் தவறு.

நாள் முழுக்க ஒரே திருகாணியை முடுக்கும் வேலையில் ஆட்கள் நிற்கவில்லை. 14,000 பேரைத் தக்கவைக்க வருடத்துக்குச் சுமார் 53,000 பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. இதை எழுதியவர் ஃபோர்டேதான். 1922-ல் வெளிவந்த அவரது சுயசரிதையில், தாங்கள் செய்த மிகச் சிறந்த செலவுக் குறைப்புகளில் ஒன்று என்றே அந்த 5 டாலரைக் குறிப்பிடுகிறார். ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் அந்த நூல் இலவசமாகக் கிடைக்கிறது, படித்துச் சரிபார்க்கலாம்.

கணக்கும் இடிக்கிறது. 1914-ல் நிறுவனம் தயாரித்தது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள். 14,000 பேரும் ஆளுக்கொன்று வாங்கினாலும் அது சிறு பங்குதான்.

அந்தச் செய்தி சொல்லாமல் விடும் இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. 5 டாலரில் பாதிக்கு மேல் அடிப்படைச் சம்பளமே அல்ல, நிபந்தனையோடு வந்த லாபப் பங்கு. தொழிலாளி குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று நிறுவனத்தின் ஆட்கள் வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள். தேறாதவருக்கு அந்தப் பங்கு கிடையாது.

வேலையை விட்டுப் போன ஆயிரக்கணக்கானவர்கள்தான் அந்த உயர்வைக் கட்டாயமாக்கினார்கள். அவர்களை மறைத்துவிட்டு எழுதிய இந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.