நான்காவதாக வந்தவர்கள்

2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஆண்கள் 94 கிலோ பளுதூக்கும் போட்டி எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கஜகஸ்தானின் இல்யா இலியின் கிளீன் அண்ட் ஜெர்க்கில், அதாவது முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் முறையில், 233 கிலோவைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தினார். ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச்சையும் சேர்த்து மொத்தம் 418 கிலோ. இரண்டுமே உலக சாதனை. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்று கைதட்டினேன். அவ்வளவு பிடிக்கும் அவரை.

2016இல் அந்தப் போட்டியின் சிறுநீர் மாதிரிகளை வெளியே எடுத்து மறுபடி சோதித்தார்கள். இலியின் ஊக்கமருந்தில் சிக்கினார். வெள்ளி வாங்கிய ரஷ்யர், வெண்கலம் வாங்கிய மால்டோவா வீரர், நான்காவதாக வந்தவர் என்று வரிசையாக எல்லாரும் சிக்கினார்கள். கடைசியில் ஐந்தாம் இடத்தில் இருந்த ஈரானின் சயீத் முகமதுபூருக்குத் தங்கம் போனது. எட்டாவதாக வந்த தென்கொரியருக்கு வெள்ளி, ஒன்பதாவதாக வந்த போலந்தின் தோமஸ் ஜீலின்ஸ்கிக்கு வெண்கலம். அந்த ஜீலின்ஸ்கியும் 2016 ரியோவில் நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து எடுத்தது தெரிந்து திருப்பி அனுப்பப்பட்டவர்தான்.

இதைப் படித்த நாளில் எனக்கு இலியின் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் வருடங்கள் போகப் போக என் மனதை அரிப்பது வேறு ஒரு விஷயம். கனடாவின் கிறிஸ்டின் ஜிரார்டைச் சொல்கிறேன். 2008 பெய்ஜிங்கில் பெண்கள் 63 கிலோ பிரிவில் நான்காவது. 2012 லண்டனில் அதே பிரிவில் மூன்றாவது. மறுசோதனைக்குப் பிறகு, லண்டனில் அவருக்கு மேலே நின்ற இரண்டு பேரும் நீக்கப்பட்டார்கள். பெய்ஜிங்கில் வெள்ளி வாங்கியவரும் நீக்கப்பட்டார். பெய்ஜிங் வெண்கலமும் லண்டன் தங்கமும் அவர் கைக்கு வந்தது 2018 டிசம்பரில். கனடாவுக்குப் பளுதூக்குதலில் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அதற்குள் அவர் போட்டிகளை விட்டே விலகியிருந்தார். ஒலிம்பிக் சாம்பியன் என்ற பெயரோடு அவர் வாழ்ந்திருக்க வேண்டிய ஆறு வருடங்களை யார் திருப்பித் தருவது? மேடையில் நிற்கும்போது ஒலித்திருக்க வேண்டிய தேசிய கீதம், வந்திருக்க வேண்டிய ஸ்பான்சர், பயிற்சிக்கான உதவிப் பணம் எல்லாம் அந்த ஆறு வருடத்தோடு போய்விட்டன.

பளுதூக்குதலில் ஏன் இவ்வளவு ஊக்கமருந்து? தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு ஒரு நாளில் வேலை செய்யும் மருந்தல்ல. ஒரு வீரர் வாரம் முழுக்க ஸ்நாட்ச், ஜெர்க், எடையோடு உட்கார்ந்தெழும் ஸ்குவாட் என்று டன் கணக்கில் தூக்குகிறார். உடம்பு தேறுவதற்கு நேரம் வேண்டும். ஸ்டீராய்டு அந்த நேரத்தைக் குறைக்கிறது, அதனால் மறுநாளும் அதே எடையைத் தூக்க முடிகிறது. இதெல்லாம் நடப்பது பயிற்சி மாதங்களில். போட்டிக்கு முன் சரியான நாள் பார்த்து நிறுத்திவிட்டால் பலம் உடம்பில் தங்கும், மருந்தின் தடயம் போய்விடும். எலிகளை வைத்து ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டால் தசைச் செல்களில் கூடிய, தசை வளர உதவும் உட்கருக்கள் மருந்தை நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகும் குறையவில்லை என்று கண்டார்கள். மனிதருக்கும் அப்படியே என்றால், தடைக்காலம் முடிந்து திரும்பி வருபவரின் உடம்பில் பழைய ஆதாயம் மிச்சம் இருக்கும். இதை யோசித்தால் எனக்குத் தூக்கம் வராது.

2016 மறுசோதனையில் அத்தனை பேர் சிக்கியதும் இந்த நாள் கணக்கு பொய்த்ததால்தான். டூரினபால் என்ற பழைய கிழக்கு ஜெர்மனி ஸ்டீராய்டு மாத்திரை சில நாட்களில் தடயமே இல்லாமல் போய்விடும் என்று நம்பி எடுத்திருந்தார்கள். உடம்பில் அது சிதைந்தபின் நீண்ட நாள் வெளியேறிக்கொண்டிருக்கும் ஒரு மிச்சத்தைப் பின்னால் ஆய்வகங்கள் கண்டுபிடித்தன. பல வாரத்துக்கு முன் எடுத்ததுகூட அதில் தெரிந்துவிட்டது. மாதிரியைப் பத்து வருடம் பாதுகாத்து வைக்கும் ஏற்பாட்டுக்கு நான் முழு ஆதரவு. ஆனால் அது தாமதமாகக் கிடைக்கும் நீதி. போட்டிக்கு ஆறு மாதம் முன்பு, விடியற்காலையில் கதவைத் தட்டும் சோதனைதான் நான்காவதாக வருபவரை அன்றைக்கே மேடையில் ஏற்றும்.

அந்தச் சோதனையும் லேசானதல்ல. முன்னணி வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் தாங்கள் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே குற்றம். சட்டையை மேலே தூக்கி, கால்சட்டையை முழங்கால் வரை இறக்கி, அதிகாரி நேராகப் பார்த்துக்கொண்டிருக்க 90 மில்லி சிறுநீர் தர வேண்டும். பிறகு அதை ஏ, பி என்று இரண்டு புட்டிகளில் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். ஒரு தப்பும் செய்யாதவர்கள் இத்தனை கூச்சத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நாம் தர வேண்டிய குறைந்தபட்ச மரியாதை, அந்தப் புட்டிக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதில் நேர்மை.

அந்த நேர்மைதான் இல்லாமல் போனது. சர்வதேசப் பளுதூக்குதல் கூட்டமைப்பை தமாஷ் அயான் 1976 முதல் பொதுச் செயலாளராகவும், 2000 முதல் 2020 வரை தலைவராகவும் கையில் வைத்திருந்தார். 2020இல் கனடா சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் மெக்லாரன் தந்த விசாரணை அறிக்கை, 1.04 கோடி டாலருக்குக் கணக்கில்லை என்றது. ஊக்கமருந்து அபராதங்களை நாடுகள் ரொக்கமாகக் கொண்டுவந்து கொடுத்தன என்றது. 40 பாசிட்டிவ் முடிவுகள் மறைக்கப்பட்டன என்றது, அதில் பதக்கம் வென்றவர்களும் உண்டு. 2022இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அயானுக்கு வாழ்நாள் தடை விதித்தது. சாவியை வைத்திருந்தவரே கதவைத் திறந்து விட்டிருந்தால், விடியற்காலையில் கூச்சத்தைப் பொறுத்துக்கொண்டு சிறுநீர் கொடுத்த ஒரு வீராங்கனையிடம் என்ன சொல்வது?

தண்டனையும் எப்போதும் மேடையில் நிற்பவர் மேலேயே விழுகிறது. 2015இல் பல்கேரிய அணியில் 11 பேர் ஒரே மருந்தில், ஸ்டானோசலாலில், சிக்கினார்கள். 11 பேருக்கும் தனித்தனியாக அந்த யோசனை வந்திருக்கும் என்று நான் நம்பமாட்டேன். அணி முழுக்க ஒரே மருந்து என்றால் பயிற்சியாளர், மருத்துவர், சம்மேளனத் தலைவர் வரை கேள்வி போக வேண்டும். வாழ்நாள் தடை முதலில் அவர்களுக்குத்தான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தப்பாகக் குற்றம் சாட்டினாலும் சேதம் பெரிதுதான். இந்தியாவின் சஞ்சிதா சானு மீது 2018இல் டெஸ்டோஸ்டிரோன் குற்றச்சாட்டு வந்தது. அவருக்குப் போன அறிவிப்பிலேயே மாதிரி எண் மாறியிருந்தது. 2020இல் வழக்கு கைவிடப்பட்டது. இரண்டு வருடம் போச்சு. பின்னால் வேறொரு மருந்துக்காக 2023இல் அவருக்கு நான்கு வருடத் தடை வந்தது. அதற்காக முதல் தவறு இல்லாமல் போய்விடாது. ஒரு எண்ணைச் சரியாக எழுத முடியாதவர்கள் ஒருவரின் வாழ்க்கையில் கை வைக்கக் கூடாது.

சிலர் கேட்கிறார்கள், எல்லாரும் எடுக்கிறார்கள், அனுமதித்துவிட்டால் என்ன என்று. எல்லாரும் எடுக்கவில்லை. ஜிரார்ட் எடுக்கவில்லை. அனுமதித்தால் பதினான்கு வயதில் பயிற்சிக்கு வரும் ஒரு பெண்ணிடம் பயிற்சியாளர் முதல் நாளே மாத்திரையை நீட்டுவார். அவள் குரல் ஒரு முறை தடித்துவிட்டால் திரும்பாது. ஈரலும் இதயமும் அடிபடும். மறுக்கிற உரிமையையே அவளிடமிருந்து பறித்துவிடுவோம்.

இதில் சுத்தமானவர்களும் சேர்ந்தே அடிபட்டார்கள். ரியோவில் பளுதூக்குதல் வீரர்களுக்கு 260ஆக இருந்த இடங்கள் டோக்கியோவில் 196, பாரிஸில் 120 என்று குறைந்தன. 2028 லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலில் முதலில் இந்த விளையாட்டே இல்லை, 2023இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். இப்போது சோதனையைக் கூட்டமைப்பின் கையிலிருந்து எடுத்து, சர்வதேசச் சோதனை முகமையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். முப்பது வருடம் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

பாரிஸ் மாதிரிகளை 2034 வரை திறந்து பார்க்கலாம். அங்கே நடந்த பத்துப் பிரிவுகளிலும் நான்காவதாக வந்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.