சொந்தக் காலில் ஏறுவதற்கு இத்தனை கெடுபிடியா?

அமெரிக்காவின் கொலராடோவில் பனிச்சறுக்கு மலைகளில் லிஃப்டில் போகாமல், ஸ்கீ எனும் சறுக்குப் பலகையின் அடியில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏறுகிற ஆள் நான். அந்தக் காலத்தில் சீல் தோல், இப்போது நைலானோ, மோஹேர் எனும் ஆட்டு ரோமமோ. முன்னால் வழுக்கும், பின்னால் சறுக்காமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் விஷயம்.

நேற்று விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, உறைந்த சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் போனால், வாசலில் பலகை: இன்று மேலே ஏற அனுமதி இல்லை. முந்தின இரவு வரை இணையதளத்தில் 'திறந்திருக்கிறது' என்றுதான் இருந்தது.

காரணம் இருக்கும், அதை மறுக்கவில்லை. பனிச்சரிவைத் தடுக்க வெடி வைப்பார்கள். செங்குத்தான சரிவில் பனியைச் சமன்செய்யும் வண்டியை இரும்புக் கம்பி வடத்தில் கட்டி இறக்குவார்கள், இருட்டில் அந்தக் கம்பி கண்ணுக்கே தெரியாது, மாட்டினால் உயிர் போய்விடும். சரி, மூடுங்கள். ஆனால் முந்தின நாளே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

அப்புறம், மலைக்கு மலை ஒரு சட்டம். ஓர் இடத்தில் அனுமதிக்கு அடையாளமாகக் கைப்பட்டை, இன்னோர் இடத்தில் காசு கட்டிப் பாஸ், வேறோர் இடத்தில் லிஃப்ட் ஓடத் தொடங்குவதற்குள் இறங்கிவிட வேண்டும். இந்த மலைகளில் பெரும்பாலானவை அமெரிக்க வனத்துறையின் பொது நிலம், நிறுவனங்கள் அனுமதி வாங்கித்தான் நடத்துகின்றன. மலையில் பாதுகாப்பு பார்க்கும் ரோந்துக்காரர்களுக்காகவும் சமன்செய்த பாதைக்காகவும் நியாயமான தொகை கேட்டால் மனதாரத் தருவேன். இரவு எட்டு மணிக்குள் மறுநாள் நிலவரத்தை ஒரு வரி போடுங்கள், போதும்.