தப்பும் வயலினும்

போன ஞாயிறு, இலங்கை மலையகத்து ஹட்டனில் பஸ் ஏறியதும் பாடகி பியோர்க்கின் ‘வல்னிகுரா’ தொகுப்பை மறுபடியும் போட்டேன். பக்கத்தில் இருந்த சித்தி மகன் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, “இழவு வீடு மாதிரி இருக்கிறதே, அக்கா” என்று காதுக்கருவியைத் திருப்பிக் கொடுத்தான்.

குறையாகத்தான் சொன்னான். எனக்கோ பல வருடமாகப் பிடிபடாதது ஒன்று அப்போது பிடிபட்டது.

அமெரிக்கக் கலைஞர் மேத்யூ பார்னியோடு வாழ்ந்து பிரிந்ததைப் பற்றி இந்த ஐஸ்லாந்துக்காரி பாடிய தொகுப்பு அது. 2015 மார்ச்சில் வரவிருந்தது. இணையத்தில் கசிந்ததால் ஜனவரியிலேயே வெளியானது. முதல் ஆறு பாடல்களுக்கும் காலக் கணக்கு எழுதியிருக்கிறார்: பிரிவுக்கு ஒன்பது மாதம் முன், ஐந்து மாதம் முன், இரண்டு மாதம் பின். நம் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் போடுவதுபோல!

வீட்டு விஷயத்தை ஊருக்குப் பாடுவதா என்று கேட்பவர்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், குடியிருந்திருக்க மாட்டார்கள். தாத்தா இறந்த அன்று, தன் காதுத் தோட்டை அவர் அடகு வைத்ததையும் மீட்டுத் தராமலே போனதையும் அம்மாயி ஒப்பாரியில் வைத்தார். பெரிய மாமாவின் பங்கும் அதில் வந்தது. மாமா தலைகுனிந்து நின்றார். யாரும் அம்மாயியைத் தடுக்கவில்லை. ஒப்பாரியில் வந்தால் அது கோள் ஆகாது.

வாசலில் தப்புப் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாயி மூச்சு வாங்கியபோது அது நிற்கவில்லை. அவரும் அதன் தாளத்துக்குப் பாடவில்லை. ‘பிளாக் லேக்’ பாடலைக் கேளுங்கள், பத்து நிமிடம். பியோர்க் தானே எழுதிய தந்தி இசை, அடிகளுக்கு நடுவே ஒரே இடத்தில் நீண்டு நிற்கிறது. குரல் இல்லை. அம்மாயியும் அப்படித்தான், முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்து, பிறகு விட்ட இடத்திலிருந்து எடுப்பார். பாடலின் பாதி வழியில் மின்னணுக் கொட்டு ஏறுகிறது. பாடுகிறவளின் துக்கத்தை அது சட்டை செய்வதே இல்லை.

கணினிக் கொட்டில் உயிரில்லை என்பவர்களுக்காகவோ என்னவோ, அதே வருடம் நவம்பரில் கொட்டுகளை எடுத்துவிட்டுத் தந்தி வாத்தியங்களோடு மட்டும் இன்னொரு பதிப்பு வந்தது. பலர் அதைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. தப்புக்காரர்களை அடுத்த லயத்துக்கு அனுப்பிவிட்ட சாவு வீடு. (அசல் தொகுப்பின் கடைசி மூன்று பாடல்களும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, அது வேறு கதை.)

தம்பி, மலையகத்துத் தெருக்கூத்தான காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவன். நோர்வூட் நெருங்கியபோது, “அந்தக் கொட்டு ஏறும் இடத்தை மட்டும் போடுங்கள்” என்றான். போட்டேன். விரல்கள் முன் இருக்கையின் கம்பியில் தட்டத் தொடங்கி, இரண்டு முறை தவறி, நின்றன.