வட்டம் போட்டால் கிளஸ்டர் வந்துவிடுமா?

முந்தாநாள் இணையக் கூட்டத்தில் நடந்ததை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு இந்நேரம் யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருப்பார்கள். அதனால் முழுக்கதையையும் சொல்லப் போவதில்லை. ஒரு வரைபடம், அதன்மேல் ஏழு வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் புதிதாக உருவாக்கப் போகிற ஒரு கிளஸ்டர், அதாவது ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒரே இடத்தில் கூடியிருக்கும் தொழில் கொத்து. இங்கே சிப், அங்கே மின்வாகனம், அதோ அந்த மூலையில் மருந்து ஆராய்ச்சி. நான் கேட்டது ஒரே கேள்விதான். "இந்த வட்டத்துக்குள்ள இப்ப யார் என்ன தொழில் செய்யறாங்க?" வந்த பதில்: "சார், நீங்க பழைய காலத்து ஆள். முதல்ல ஷெட்டைப் போடுவோம், ஆள் தானா வருவாங்க." அப்புறம் அந்தச் சிரிப்பு. சிரித்தவர்களில் இரண்டு பேர் எனக்கு வேண்டியவர்கள். சரி, இருக்கட்டும்.

பழைய காலத்து ஆள்தானே, பழைய காலத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்தி, கத்தரி செய்கிறவர்கள் எல்லாம் ஏன் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறார்கள் என்பது போன்ற கேள்விக்கு 1890-லேயே பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் பதில் எழுதிவிட்டார். தொழில் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டாம். அந்தத் தொழிலுக்கான சாமானும் கருவியும் தருகிறவர்கள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றாவதுதான் முக்கியம்: தொழில் நுணுக்கம் அங்கே காற்றிலேயே கலந்திருக்கும், குழந்தைகள்கூடத் தங்களை அறியாமல் கற்றுக்கொள்ளும் என்றார். நூறு வருடம் கழித்து, 1990-இல், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 'கிளஸ்டர்' என்ற பெயரைப் பிரபலமாக்கினார். அதிலிருந்து உலகம் முழுக்க ஆலோசகர்கள் கையில் வட்டம் போடும் காம்பஸ். ஷெட்டுக்கு டெண்டர் விடலாம் சார். காற்றுக்கு எப்படி விடுவீர்கள்?

நான் பொருளியல் படித்தவனில்லை. லேத் பட்டறையில் பதினெட்டு வருடம் இருந்தவன். ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். காலையில் சரக்கு போயாக வேண்டும், இன்னும் நாற்பது பீஸ் பாக்கி, லேத்தில் இரும்பைச் சீவுகிற கார்பைடு டிப், கையிலிருந்த கடைசி ஒன்றும் உடைந்துவிட்டது. மணி பத்தரை. பக்கத்துப் பட்டறைக்காரர் எங்களோடு பேசுவதில்லை. காரணம், அதே ஆர்டருக்கு அவரும் கொட்டேஷன் கொடுத்திருந்தார், நாங்கள் குறைத்துப் போட்டு வாங்கிவிட்டோம். வேறு வழியில்லாமல் அவர் ஷட்டரைத் தட்டினேன். ஒன்றும் பேசாமல் ஒரு டப்பா டிப்பை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். மெஷின்மேல் கிடந்த டிராயிங்கைப் பார்த்தார், சீவி விழுகிற இரும்புச் சுருளின் நிறத்தைப் பார்த்தார். "இந்த ஃபீடுல ஓட்டினா இதுவும் ஒடையும். கொறைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஃபீடு என்றால் டிப் முன்னேறுகிற வேகம். மறுநாளும் எங்களோடு பேசவில்லை.

இதுதான் கிளஸ்டர். மார்ஷல் சொன்ன காற்று இதுதான். உங்கள் ஏழு வட்டத்தில் எந்த வட்டத்தில் இந்த மனிதர் இருக்கிறார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் முட்டாள்தனம் இது. சலுகை கிடைக்கிறதே என்று சில வருடம் கழித்து பட்டறையைப் புதிதாகத் திறந்த தொழிற்பேட்டைக்கு மாற்றினோம். ரோடு அவ்வளவு அழகு. ஆனால் செய்த பீஸைச் சூடாக்கிக் கெட்டியாக்கும் ஹார்டனிங் போட நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். கிரைண்டிங்குக்கு அதற்கு நேர் எதிர்த்திசை. ஒரு பேரிங் வாங்க அரை நாள். நல்ல ஃபிட்டர்கள் மூன்று பேர், பிள்ளைகள் படிப்பு பழைய இடத்தில் என்று வரவே மாட்டேன் என்றுவிட்டார்கள். பக்கத்து ஷெட்டில் அட்டைப்பெட்டி, எதிர் ஷெட்டில் சலவைத்தூள் பாக்கிங், மற்றதெல்லாம் பூட்டு. ராத்திரி பத்தரைக்கு யாரிடம் போய் டிப் கேட்பது? சலுகை முடிந்த மாதமே மூட்டையைக் கட்டினோம்.

"அப்போ அரசே பூங்கா போட்டு சிப் தொழிலை வளர்த்த தைவான் என்ன?" என்று கேட்பீர்கள், தெரியும். கேளுங்கள். ஷிஞ்சு அறிவியல் பூங்கா திறந்தது 1980-இல். ஆனால் அரசின் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான இட்ரி 1973-லேயே வந்துவிட்டது. சிப் செய்யக் கற்றுவர 1976-லேயே அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்துக்கு இன்ஜினியர்களை அனுப்பினார்கள். இரண்டு பல்கலைக்கழகங்கள் பக்கத்திலேயே. இன்றைக்குப் பெரிய சிப் உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சி அந்த இட்ரியிலிருந்து கிளம்பி வந்தது 1987-இல். அரசாங்கம் செய்ததுதான், யார் இல்லையென்றது? அங்கே முதலில் ஆளைத் தயார் செய்தார்கள், அப்புறம் ஷெட்டைப் போட்டார்கள். நீங்கள் தலைகீழாகச் சொன்னீர்கள் என்பதுதான் என் கேள்வியே!

பிரான்சில் சோஃபியா ஆன்டிபோலிஸ் என்ற தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறதே என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்தார். இருக்கிறது. 1969-இல் ஆரம்பித்து, பத்து இருபது வருடம் பொறுத்துப் பார்த்தார்கள், பலித்தது. ஒருவருக்கு லாட்டரி விழுந்தது என்பதற்காக ஊரே வீட்டை விற்று டிக்கெட் வாங்க முடியுமா?

சிலிக்கான் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசினால் இன்னும் கோபம் வரும். 1957-இல் எட்டுப் பேர் முதலாளியைப் பிடிக்காமல் வேலையை விட்டுப் போய் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் என்ற சிப் நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். போனவர்களை யாராலும் கட்டிப்போட முடியவில்லை. வேலையை விட்டவன் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கினாலும் கலிஃபோர்னியாவில் அது செல்லாது, 1872-இலிருந்தே சட்டம் அப்படி. அந்தப் பள்ளத்தாக்கை நகலெடுக்கப் புறப்பட்டவர்களில் எத்தனை பேர் இந்தச் சட்டத்தையும் நகலெடுத்தார்கள்? கண்ணாடிக் கட்டடத்தை மட்டும் நன்றாக நகலெடுக்கிறீர்கள்.

வேலைவாய்ப்பு வருமே என்கிறார்கள். பூட்டிய ஷெட்டுக்கு வாட்ச்மேன் வேலை வரும்.

"குறை மட்டும் சொல்றீங்க, என்னதான் செய்யறது?" இருக்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள். பாகிஸ்தானில் சியால்கோட் அறுவைக் கருவிகளுக்குப் பெயர்போனது. 1994-இல் தரம் சரியில்லை என்று அமெரிக்கா இறக்குமதிக்குத் தடை போட்டது. அன்றைக்கு அவர்கள் புதுப் பூங்கா கேட்கவில்லை. தொழில் சங்கமும் அரசும் சேர்ந்து வெளியிலிருந்து ஆள் வரவழைத்து, சின்னச் சின்னப் பட்டறைகளுக்கெல்லாம் தர முறைகளைப் பழக்கினார்கள். சந்தை திரும்பக் கிடைத்தது. திருப்பூரில் 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது அங்கே தேவைப்பட்டது கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பணமும் வழியும். பரிசோதனைக் கூடம், பொதுச் சுத்திகரிப்பு நிலையம், பயிற்சி. இதற்கெல்லாம் ரிப்பன் வெட்டினால் போட்டோ அவ்வளவு நன்றாக வராது, அதுதான் சிக்கல்.

டெட்ராய்ட்டை யாராவது இழுப்பீர்கள், நானே இழுத்துவிடுகிறேன். 1950-இல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்த கார் நகரம், 2013-இல் திவால் மனு போட்டது. ஒரே தொழிலை நம்பினால் அது விழும்போது ஊரும் சேர்ந்து விழும். என் கட்சிக்கே இது இடிக்கிறது என்று தெரியும். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஏழு வட்டம் போட்டவரிடமும் இல்லையே! அவரைப் பார்த்து மட்டும் ஏன் யாரும் சிரிக்கவில்லை?

அந்தப் பக்கத்துப் பட்டறைக்காரர் போன வருடம் இறந்துவிட்டார். எந்தத் திட்ட அறிக்கைக்காகவும் ஒருவரும் வந்து அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவரையும் பழைய காலத்து ஆள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் டப்பாவில் எடுத்தது போக மூன்று டிப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பேசுவதில்லையே, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று வைத்திருந்தேன்.

கமெண்டில் அந்த வரைபடத்தை மறுபடி போடாதீர்கள். ஏற்கெனவே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள்.